தட்டு பதில் சொல்லும் வரை

இரண்டு வருடங்களுக்கு முன், பல்லேபொலப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். போத்தலுக்குள் வாழைக்கன்று வளர்க்கிற இடம். ஒன்பதாம் ஆண்டோடு படிப்பு நின்று, லக்கலயில் யானைக் காவல், நாலந்தாவில் மிளகு பறிப்பு என்று சுற்றியவனுக்கு உட்கார்ந்து செய்யும் முதல் வேலை அது. வாழைக் குருத்தைத் துண்டு துண்டாக வெட்டி, சத்துக்கூழ் ஊற்றிய போத்தலில் நட வேண்டும்.

நான் சேர்ந்த மாதமே போத்தல்கள் கெடத் தொடங்கின. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், கன்றின் அடியில் பால் சிந்தியதுபோல் கலங்கல். பக்டீரியா.

"ஏன் தம்பி, நீ வந்த பொறகுதானே இந்தக் கூத்து? லக்கல மண்ண நகத்துலயே கொண்டாந்துட்டியா?" பக்கத்து மேசை அக்கா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

நகத்தை ஒட்ட வெட்டினேன். முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன். அப்படியும் கலங்கியது. பையைக் கட்டிவிட்டேன். பழி வருமுன் கிளம்பிவிடுவது என் வழக்கம்.

பொறுப்பாக இருந்த மிஸ் வாசலில் மறித்தார். "போறதுன்னா போங்க. கைய வச்சிட்டுப் போங்க."

கூழ் பரப்பிய கண்ணாடித் தட்டுகளில் எல்லோரும் விரல் பதித்தோம், மிஸ்ஸும்தான். கலங்கிய போத்தலில் தொட்டு ஒரு தட்டிலும், தண்ணீர், கிருமி சாகக் கத்தி தோய்க்கும் ஸ்பிரிட் என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் தட்டிலும் தடவிச் சூட்டுப் பெட்டியில் வைத்தார். கிருமி முளைப்பதற்கு இரண்டு நாள் ஆகுமாம்.

பையோடு சந்திக்குப் போனேன். மாத்தளை பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. திரும்பி வந்தேன். அந்த இரண்டு நாளும் பெட்டிப் பக்கமே போய்ப் போய் வந்தேன்.

திறந்தபோது எல்லோருடைய விரல் தட்டிலும் ஒன்றிரண்டு புள்ளிகள், என்னுடையதும் அப்படித்தான். கலங்கிய போத்தலின் தட்டில் படர்ந்திருந்த அதே வெள்ளை, ஸ்பிரிட் தட்டு முழுக்கப் படர்ந்திருந்தது. ஸ்பிரிட்டில் எது உயிரோடு இருக்கும் என்று நினைத்து, பழையதைக் கொட்டாமல் அதன் மேலேயே எல்லோரும் ஊற்றி வந்திருந்தோம். அது போதுமென்று கத்தியை நெருப்பில் காட்டுவதையும் குறைத்திருந்தோம்.

"அப்ப சாராயத்துலயும் இருக்குமா மிஸ்? எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும்!" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் பையை எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினார்.

இதற்கு முன் எத்தனையோ இடங்களிலிருந்து, தட்டு பதில் சொல்லுமுன்பே பஸ் ஏறியிருக்கிறேன். அங்கெல்லாம் இன்றைக்கும் நான்தான் குற்றவாளியாக இருப்பேன்.