கடைசி சைக்கிள்

எங்கள் சைக்கிள் சங்கத்தில் என் சைக்கிளை மிஞ்சின சைக்கிள் கிடையாது. சீமையிலிருந்து கப்பலில் வந்தது. டைனமோ விளக்கு, தோல் சீட்டு, செயினுக்கு முழு மூடி. மேலே ஏறி உட்காருகிற எனக்குத்தான் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. சாரல் காற்றுப் பட்டால் நாலு மிதி மிதிப்பதற்குள் நெஞ்சு விசிலடிக்கும். வயலும் தோப்பும் உள்ள வீட்டுப் பிள்ளை, வாயும் கொஞ்சம் நீளம். இப்படிப்பட்டவன் கடைசியாகப் போய் நின்றால் தென்காசி சிரிக்குமே என்று எனக்கு ஒரே பயம்.

இரண்டாவது உலகச் சண்டைக்குச் சில வருஷம் முந்தின கதை இது. சீசன் வந்தால் ஞாயிறுதோறும் குற்றாலத்துக்குக் கூட்டமாகக் குளிக்கப் போவோம். அந்தக் கூட்டத்தையே கட்டி மேய்த்தவர் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற ஒருவர். சங்கத்தில் அவருக்குச் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. விடியுமுன் வீடு வீடாகப் போய் எங்களை எழுப்புவார். பம்பும் சொல்யூஷனும் அவர் பையில்தான் இருக்கும். யாருக்குப் பஞ்சரானாலும் ரோட்டோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். நாங்கள் அருவியில் நிற்கும்போது எங்கள் சைக்கிள்களுக்கு அவர்தான் காவல்.

கூட்டத்துக்குக் கடைசியாக, எனக்குப் பின்னால் வருவார். ஒருதரம் சங்கத்துக் காரியதரிசியான பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் குற்றாலம் கடைத்தெருவில் என்னை மடக்கினார்.

“என்ன அண்ணாச்சி, கப்பல் வண்டியை வச்சுக்கிட்டு இம்புட்டு நேரமா?”

நான் வாயைத் திறக்குமுன் எனக்குப் பின்னால் வந்தவர் முந்திக்கொண்டார். “எனக்கு முட்டுவலி சார், மிதிக்க முடியல. அண்ணாச்சி எனக்காகல்லா மெதுவா வருதாவ.”

அவருக்கு முட்டில் ஒரு வலியும் இல்லை. அதற்கு முந்தின வாரம்தான், நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த துண்டை எடுக்கப் பாதி வழியில் மேலகரத்திலிருந்து திரும்பிப் போய், நான் குற்றாலம் சேருமுன் என்னைப் பிடித்துவிட்டார். அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை. ஆனாலும் நான் மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ‘ஆமை’ என்று பேர் வந்தது. எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். கூசாமல் நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு சீசன் முடிவில் அவரைக் கௌரவிக்க வேண்டும் என்று குற்றாலத்துச் சத்திரம் ஒன்றில் கூட்டம் போட்டோம். மாலையும் சரிகைத் துண்டும் போட்டார்கள். காரியதரிசி வாயாரப் புகழ்ந்துவிட்டு, “ஒரே குறைதான். ஆமை கொஞ்சம் வேகமா மிதிக்கப் பழகணும்” என்றார். கூடமே சிரித்தது. கழுத்து மாலையைச் சரிசெய்தபடி அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து உள்ளதைச் சொன்னேன்.

“மெதுவா வருதது நான்தான். எனக்குத்தான் இழுப்பு. என் மானத்தைக் காப்பாத்த அவரு பொய் சொல்லுதாரு.”

 எல்லாரும் கைதட்டினார்கள்.

“பாத்தியளா, பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதாவ. எம்புட்டுப் பெரிய மனசு” என்றார் காரியதரிசி. நான் சத்தியம் பண்ணப் பண்ணக் கைதட்டல் கூடியது. கடைசியில் காரியதரிசியே விளையாட்டாக, “சரி, பாத்துருவோம். தென்காசி மொட்டைக் கோபுரம் வரைக்கும் பந்தயம்” என்று முடித்தார்.

புறப்படும்போது மாலை வாங்கினவர் காதோடு சொன்னேன். “என்னைப் பாக்காதேயும்வே. மிதிச்சுப் போம்.”

போனார். சரிகைத் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்டினார். பச்சைப் பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம் அந்த முதுகிலேயே தெரிந்தது. சற்று நேரத்தில் எல்லாரும் வளைவில் மறைந்துவிட்டார்கள். ரோட்டில் நான் மட்டும் இழுத்துக்கொண்டு கிடந்தேன். இன்றைக்கு நம் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும் என்று நினைத்தபோது, உண்மையைச் சொன்ன தைரியமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

மேலகரம் தாண்டியதும் பார்க்கிறேன், அவர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மற்றவர்கள் “ஆமை, ஆமை” என்று கத்திக்கொண்டு முன்னால் போய்விட்டிருந்தார்கள்.

“முட்டு பிடிச்சுக்கிட்டுது அண்ணாச்சி. நீங்க மெதுவா வாங்க” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். போம்வே என்று பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி. வெட்கங்கெட்ட நிம்மதி.

கோபுரத்தடியில் எல்லாரும் காத்திருந்தார்கள். “இன்னைக்கும் அண்ணாச்சி அவரை விட்டுட்டு வரல, பாத்தியளா” என்றார் காரியதரிசி. முதல் கைதட்டல் என் பக்கத்திலிருந்துதான் வந்தது. தட்டியவர் அந்த முட்டுவலிக்காரர். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

இன்னொரு தரம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினேன்.