இருந்து செய்யவும் வேலை உண்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைக்குடியில் ஓர் அரிசி மில்லில் வேலை செய்தேன். அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பி, காலால் கிளறிக் காயவைப்பது பெண்களின் வேலை. காலையிலிருந்து மாலை அஸர் தொழுகை வரை நடைதான். முதலாளி ஹாஜியாருக்கு ஒரு பிடிவாதம்: வேலை நேரத்தில் எவளும் குந்தக் கூடாது. உள்ளே அரிசியில் கல் பொறுக்குகிறவர்கள்கூட மேசைக்கு முன் நின்றேதான் பொறுக்க வேண்டும். குந்தினால் சோம்பேறி என்று பெயர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களில் மூத்தவளை எல்லோரும் ராத்தா என்போம். கணவன் மவுத்தான பிறகு இந்த வேலையை நம்பியே வாழ்ந்தவள். அவளுக்கு முழங்கால் வீங்கத் தொடங்கியதும் நாங்கள் மாறி மாறி அவள் பங்கையும் கிளறினோம். எத்தனை நாளைக்குத்தான் மறைக்க முடியும்? ஒருநாள் திடீரென்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. நெல்லைக் கூட்டி அள்ள எல்லோரும் ஓடினோம். ராத்தா நடுக்களத்தில் கால் நகராமல் நின்றுவிட்டாள். ஹாஜியார் பார்த்துவிட்டார்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. அதுதான் தொல்லையே. மறுநாள் காலையில் களத்தில் ராத்தா முன்னால் ஒரு மூட்டை அரிசியை இறக்கிவைத்து, "ராத்தா, இனி நீங்க ஊட்டுல இரிங்க. ஒவ்வொரு நோன்புக்கும் ஒங்கட சகாத் வாசலுக்கு வரும்" என்றார். தர்மம் கொடுத்து நன்மை செய்துவிட்ட பூரிப்பு முகத்தில் வழிந்தது.

ராத்தா மூட்டையைத் தொடவில்லை. "சகாத் ஏலாதவங்களுக்குக் குடுங்க ஹாஜியார். எனக்கு வேலையத் தாங்க."

"ஒங்களால நிக்கவே ஏலாதே?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். ராத்தா வீட்டுக்குப் போகவில்லை. மில்லுக்குப் பின்னால் இருந்த சாக்கு அறையிலேயே நடுப்பகல் லுஹர் தொழுகை வரை கிடந்தாள்.

அந்த அறையில்தான் நாங்கள் தொழுவோம். பாங்கு சொன்னதும் போனோம். முழங்கால் மடங்காததால் ராத்தா ஒரு பெட்டியின் மேல் குந்தி இருந்தபடி, தலையை மட்டும் தாழ்த்தித் தொழுதாள். தினமும் பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தொழுகை முடிந்து சலாம் கொடுத்த கையோடு ஹாஜியாரிடம் போனேன். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

"ஹாஜியார், நிக்க ஏலாதவங்க இரிந்து தொழலாந்தானே?"

"ஓம், மார்க்கத்துல இடம் இரிக்கே. அதுக்கென்ன?"

"அல்லாஹ்ட முன்னால இரிக்கலாம். ஒங்கட மில்லுல மட்டும் இரிக்க ஏலாதா?"

அவர் முகம் சிவந்தது. என் வேலையும் போயிற்று என்றே நினைத்தேன். ஆனாலும் வாயை மூடவில்லை.

"கல்லுப் பொறுக்கக் கண்ணும் கையும் போதும். வயசானவங்களுக்கு அந்த வேலைய இரிந்து செய்யக் குடுங்க. நாங்களும் நாளைக்குக் கிழவியாகத்தான் போறம். அதுக்காக எல்லாரையும் சகாத்துக் கணக்குல சேத்துருவீங்களா?"

ஹாஜியார் தாடியைத் தடவியபடி களத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "சரி, இரிந்து பொறுக்க உள்ளுக்கு ஒரு வாங்கு போடச் சொல்றன். ராத்தாவ நாளைக்கு வரச் சொல்லுங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராத்தா நொண்டி நொண்டி முன்னால் வந்தாள்.

"நாளைக்கு என்னத்துக்கு? இண்டைக்கே இன்னும் அரைநாள் கிடக்கே."

உள்ளே போய் அரிசி மூட்டை ஒன்றின் மேல் அமர்ந்து, கல் பொறுக்கும் சுளகை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.