மலைக்குப் போன நெய்

போன மாதம் வேங்கிக்கால் பக்கம் ஒரு கிளினிக்கில், சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற சின்னப் பெண் அம்மாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோல் வெடித்துச் சாம்பல் பூத்துக் கிடந்தது. "எண்ணெய், நெய்யெல்லாம் சேக்கறதே இல்லையாம்மா? நல்ல கொழுப்பு உடம்புக்கு வேணும். தினம் ஒரு பிடி மல்லாட்ட, ஒரு ஸ்பூன் நெய்யி, அது போதும்" என்றாள். அம்மா யார் வீட்டுச் செய்தியையோ கேட்பது மாதிரி தலையாட்டினாள். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சுவரில் மாட்டியிருந்த பழங்களின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்திரையில் அப்பா இறந்ததிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் இப்படித்தான். எது சொன்னாலும் காதுவரைக்கும் வருகிறது, உள்ளே போவதில்லை.

வரும் வழியில் வெண்ணெய் வாங்கினேன். உங்களுக்கு இது சாதாரண விஷயம். எங்கள் வீட்டில் வெண்ணெய் வாங்கினால் கார்த்திகை தீபம் வருகிறது என்று அர்த்தம்.

அப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றி வேன் ஓட்டினவர். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். அவர் சட்டையில் எப்போதும் அந்தக் கொட்டைத் தோலின் தூசு வாசனை இருக்கும். குழம்பின் மேல் எண்ணெய் மிதக்கவில்லை என்றால், "இன்னாடி இது, கழனித்தண்ணியா?" என்று தட்டைத் தள்ளுவார். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு நாள் நெஞ்சுவலி. எண்ணெய், நெய் எல்லாம் கம்மி பண்ணுங்க என்று டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னார். அம்மா அங்கேயே அண்ணாமலையார் மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். நம்மூரில் எந்த வராந்தாவில் நின்றாலும் மலை தெரிந்து தொலைக்கிறதே. இந்த மனுஷன் பிழைத்தால் இனி என் வீட்டில் நெய் கிடையாது, எல்லாம் மலைத் தீபத்துக்குத்தான் என்று வேண்டிக்கொண்டாள்.

அப்பா பிழைத்தார். மாட்டிக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

நெய்யை நிறுத்தியவளுக்கு எண்ணெயை மட்டும் விட்டுவைக்க மனசு வரவில்லை. தோசையைக் கல்லிலிருந்து பிய்த்துத்தான் எடுப்போம். பொரியல் தண்ணீரில் வெந்தது. அப்போதுதான் நான் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால், கூட வேலை செய்த அக்கா "உன் சோத்தப் பாத்தா எனக்கே விக்குதுடி" என்று தன் டப்பாவிலிருந்து வத்தக்குழம்பை எண்ணெயோடு வழித்து ஊற்றுவாள். நான் அங்கே தின்று தப்பித்தேன். அப்பாவுக்கு அந்த வழியும் இல்லை. வேனில் கூடப் போகிறவர்களிடமெல்லாம் அம்மா சத்தியம் வாங்கி வைத்திருந்தாள்.

அப்புறம் அதே டாக்டர், அப்படி அடியோடு நிறுத்தக் கூடாதும்மா, நல்ல எண்ணெய் கொஞ்சம் சேரணும் என்றார். அம்மா அசையவில்லை. "டாக்டர் மாத்திச் சொல்லலாம். நான் சாமிகிட்ட மாத்திச் சொல்ல முடியுமா?"

தீபத்துக்கு முன்னால் வெண்ணெய் வாங்கி உருக்குவாள். கடைசியில் முருங்கைக்கீரையை உருவிப் போட்டால் படபடவென்று பொரியும், தெருவே மணக்கும். நெய்யை வடிகட்டித் தூக்கில் ஊற்றி, கோயிலுக்கு என்று மூடி வைத்துவிடுவாள். அடியில் நின்ற மொறுமொறு கீரையைச் சூடான சோற்றில் உப்புப் போட்டுப் பிசைந்து... சரி, விடுங்கள். அது கிண்ணத்தோடு எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்விடும். அப்பா வாசலில் நின்று அந்தக் கிண்ணம் தெருவைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வாய் கொடுத்தால் அண்ணாமலையார் கோபித்துக்கொள்வாரா என்று ஒரு தரம் கேட்டார். அம்மா அழுதாள். அப்புறம் அவர் கேட்கவே இல்லை.

தீபத்தன்று மொட்டை மாடியில் நிற்போம். உச்சியில் சுடர் தெரிந்ததும் ஊரே அரோகரா போடும். அப்பா மட்டும் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "அதோ எரியுது பாரு, என் நெய்யி" என்பார். வருஷா வருஷம் அதே பேச்சு, நானும் வருஷா வருஷம் சிரிப்பேன். பிறகு, நெய் எரிந்த கொப்பரையின் மை கோயிலிலிருந்து பிரசாதமாக வரும். அம்மா முதலில் அவர் நெற்றியில்தான் வைப்பாள். என் பங்கு வந்துடுச்சு என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்.

இப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் இருக்கிற கடைகளில், மல்லாட்டையை விழுதாக அரைத்து ரொட்டியில் தடவி வெள்ளைக்காரர்களுக்குத் தருகிறார்கள். நல்ல கொழுப்பாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் அது மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தது. அப்பா பார்த்திருந்தால் நல்லாத் திட்டியிருப்பார். அவர் நெஞ்சுவலியில் போகவில்லை, காய்ச்சலில் போனார். அவர் போன பிறகும் அம்மா சட்டியில் ஒரு சொட்டு எண்ணெய் விடவில்லை.

அன்றைக்குக் கிளினிக்கிலிருந்து வந்து நானே வெண்ணெயை உருக்கினேன். கீரை பொரிந்தது. அந்த வாசனைக்கு எனக்கு ஏதாவது ஆகும் என்று நினைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. சோற்றில் பிசைந்து அம்மா முன்னால் வைத்தேன். தட்டைத் தள்ளினாள். வேண்டுதல் அவர் உயிருக்குத்தானே, அவரே இல்லையே, இன்னும் யாருக்காக என்று கேட்டேன். தட்டின் விளிம்பை முந்தானையால் துடைத்தாள்.

"நிறுத்திட்டேன்னா, அவரு இல்லன்னு ஆயிடும்ல."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு உருண்டை உருட்டி நீட்டினேன். கொஞ்சம் கழித்து வாயைத் திறந்தாள். தட்டுக் காலியாகும்வரை ஊட்டினேன். நல்லா இருக்கா என்றேன். தெரியல என்றாள்.

இந்தத் தீபத்துக்கு நாங்கள் மலைக்கு நெய் கொடுக்கவில்லை. மாடிக்கு மட்டும் ஏறிப் போனோம். உச்சியில் சுடர் தெரிந்தது, ஊரே அரோகரா போட்டது. அம்மா கும்பிடவில்லை. அப்பா எப்போதும் நிற்கிற இடத்துக்கு நகர்ந்து வந்து, என் காதுக்குப் பக்கத்தில் சொன்னாள்.

"அதுல நம்ம நெய் இல்ல."

ஆமாம்மா என்றேன். கீழே இறங்கி, கல்லில் எண்ணெய் விட்டுத் தோசை ஊற்றினேன். ஒட்டாமல் வந்தது.