மாமா தினமும் முறுக்கிய போல்ட்டுகள்

அவரை எல்லோரும் ஸ்பேனர் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்புத் தகடுகளை அமிலத்தில் முக்கிக் கழுவும் பட்டறையில் ஃபிட்டர். அமிலத் தொட்டிக்கு மேலே தொங்கும் நடைபாலத்தில்தான் அவருடைய ஒரே மகளைக் கட்டிய மருமகனுக்கு வேலை. கீழே புகையும் அமிலம், மேலே பெண்ணின் வாழ்க்கை. பாலத்தைத் தாங்கும் போல்ட்டுகளை அவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்ததில் ஆச்சரியம் என்ன? காலையில் ஒவ்வொன்றிலும் ஸ்பேனரை மாட்டி ஓர் இழுப்பு இழுத்தால்தான் அவருக்குத் தேநீரே தொண்டையில் இறங்கும்.

ஆனால் அந்தப் போல்ட்டுகளை மட்டும் ஏதோ பீடை பிடித்திருந்தது. துத்தநாகம் பூசிப் பளபளவென்று வருபவை, சில வாரத்தில் மாவு தூவினாற்போல வெளுக்கும். பிறகு அந்த வெள்ளைக்குள்ளிருந்து பழுப்பாக ஏதோ கசியும். மாற்றினார். புதியவையும் வெளுத்தன. பக்கத்துக் குழாய்த் தாங்கியில் அவர் கையே வைக்காத போல்ட்டுகள், அதே பெட்டியில் வந்தவை, மங்கலாக ஆனால் முழுசாக இருந்தன.

“மாமா, நீங்க தொட்டா இரும்பே அழுதுடும் போல,” என்றார் வெல்டர். “வீட்டுல அத்தை எப்படித்தான் இத்தன வருஷம் தாக்குப்பிடிச்சாங்களோ!”

மாமாவும் சிரித்துவைத்தார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

பொறுக்க முடியாமல் கடைசியில் ஒன்று செய்தார். பாலத்தின் மூலையில் இரண்டு புது போல்ட்டுகளை மாட்டியதோடு சரி, பிறகு தொடவில்லை. மனசு அடித்துக்கொண்டது, தொடவில்லை. மழைக்காலத்தில் அமிலப் புகை ஈரத்தோடு கலந்து சுவரெல்லாம் வியர்த்தது. ஒரு மத்தியானம் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். தொடாத இரண்டும் நன்றாக இருந்தன. தொட்டவையெல்லாம் ஸ்பேனர் கவ்வும் முனைகளிலும், நட்டு அசையும் திருகு மரையிலும் தின்னப்பட்டிருந்தன.

பேயுமில்லை, பிசாசுமில்லை. தினம் தினம் அவருடைய ஸ்பேனர்தான் பூச்சைச் சுரண்டியிருக்கிறது. சுற்றியிருந்த துத்தநாகம் தன்னைக் கொடுத்துக் கொஞ்ச நாள் காத்தது. அதையும் புகை தின்று தீர்த்தபின் இரும்பின் முறை வந்தது. இழுத்துப் பார்த்தபோதெல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. இறுக்கிப் பிடித்திருந்தது துரு.

ஒரு நட்டை விரலால் தொட்டார். அது போல்ட்டின் முனையோடு, சத்தமே இல்லாமல், கையில் வந்தது. பாலத்தின் நடுவில் மருமகன் விசிலடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“மாப்ள, அந்தப் பக்கப் படி வழியா மெதுவா இறங்கிடுங்க.”

“ஏன் மாமா? காலைலதானே எல்லாத்தையும் முறுக்குனீங்க?”

“அதனாலதான் சொல்றேன். இறங்குங்க.”

மருமகன் படியில் கால் வைத்தார். யாருமில்லாத பாலம், பெருமூச்சு விட்டதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

புதுப் பாலத்தில் போல்ட்டுகளை ஒரே தடவை, அளவாக முறுக்கி, மேலே பெயின்ட் அடித்து மூடினார்கள். முறுக்கியவர் வெல்டர். மாமா தினமும் போய்க் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. மருமகன் மேலே நடக்கும்போதெல்லாம் ஒரு கை இன்னொரு கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும்.