கிணற்றிலிருந்து வந்த எஞ்சின்

கார் ரிப்பேர் தொழிலில் ஒன்று நிச்சயம்: கார் ஓடுகிற வரைக்கும் நம் முகம் யாருக்கும் ஞாபகம் வராது, நின்றுவிட்டால் நம் முகத்தைத் தவிர வேறெதுவும் ஞாபகம் வராது. அல்சூர் ஏரிப் பக்கம் தகரக் கொட்டகை போட்டு நானும் ஃபிட்டர் கரீம் பாயும் பிழைத்துக்கொண்டிருந்த யுத்த காலத்தில், நின்றுபோன கார்களுக்குக் குறைவே இல்லை. ஊரில் என் பெயர் மேஸ்திரி. துரைசாமி என்று ஒரு பெயர் இருப்பது என் வீட்டுக்காரிக்கும் ரேஷன் கடைக்கும்தான் தெரியும்.

பழைய காரைக் கட்டி மாரடிக்கிற சக பாவிகளே, உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லித்தரப் போவதில்லை. ஒரே ஒரு எஞ்சினை மாற்றுவதற்குள் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். உங்கள் பாடு பரவாயில்லை என்று தோன்றும்.

ஒரு குடம் தண்ணீர்

டாக்டர் கிரேஸ் அம்மாவின் கார், மாட்டு வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. அம்மா பிரேசர் டவுனில் பிரசவம் பார்க்கிற டாக்டர். டிரைவர் கிடையாது, தானே ஓட்டிக்கொண்டு சுற்றுப்பட்ட கிராமமெல்லாம் போய் வருவார். ஹெப்பாள் தாண்டிப் போகும்போது ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டிருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் ஓடி வந்து, ஜில்லென்ற கிணற்றுத் தண்ணீரை ஒரு குடம் அப்படியே கவிழ்த்துவிட்டார். கொதிக்கிற வார்ப்பிரும்பு அதைத் தாங்குமா? எஞ்சின் பிளாக்கில் மேலிருந்து கீழே வரை விரிசல்.

ஒட்ட முடியாதா என்று அம்மா கேட்டார். ஒட்டலாம், கொட்டகை வாசல் வரை ஓடும் என்றேன். புது எஞ்சின் சீமையிலிருந்து வரவேண்டும். கப்பலெல்லாம் சண்டைக்குப் போயிருந்தது. பழைய எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டுவதுதான் வழி. கவிழ்த்துப் போட்டிருந்த பெட்ரோல் டின்மேல் அம்மா உட்கார்ந்துவிட்டார். ஹெப்பாளுக்கு அந்தப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஜெயம்மா என்று ஒரு பெண், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாளாம். முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. இப்போதும் கால் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது. வாராவாரம் போய்ப் பார்க்கவேண்டும், வலி எடுத்தால் உடனே போய் நிற்கவேண்டும். ஜட்கா வண்டியில் போனால் அரைநாள் வழியிலேயே போய்விடும்.

"வலி எடுத்துட்டா, இது அவசரம்னு ஜட்கா குதிரைக்கு யார் மேஸ்திரி சொல்றது?" என்றார்.

அந்தக் கேள்வி என் நெஞ்சில் தைத்துவிட்டது. இந்தக் காரை ஓடவைக்காமல் விடுவதில்லை என்று அப்போதே கங்கணம் கட்டிக்கொண்டேன்.

மல்லேஸ்வரத்து மாலை

பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் அலைந்தேன். நல்ல எஞ்சினையெல்லாம் பட்டாளத்துக் காண்ட்ராக்டர்கள் வழித்துக்கொண்டு போயிருந்தார்கள். கடைசியில் மல்லேஸ்வரத்தில் ஒரு ரிட்டயர்டு பெரியவர் வீட்டில் அதே கம்பெனி, அதே மாடல் கார் இருப்பதாகத் தெரிந்து ஓடினேன். சமஸ்தான உத்தியோகத்தில் இருந்தவர். பின் அச்சு முறிந்து, டயரெல்லாம் போய், கார் செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. மேலே துவைத்த வேட்டி போர்த்தி, கண்ணாடியில் சந்தனம் வைத்திருந்தார். காபி கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். எஞ்சின் என்று வாயெடுத்ததும் முகம் மாறிவிட்டது.

"எஞ்சினை உமக்குக் கொடுத்துட்டா, ஆயுத பூஜைக்கு நான் எதுக்குய்யா மாலை போடறது?"

காது சொன்ன துப்பு

வெறுங்கையோடு டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். அவர் ஒரு விஷயம் சொன்னார். ஜெயம்மாவின் அப்பா முனியப்பா, தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்க ஒரு எஞ்சின் வைத்திருக்கிறார். எப்போதோ ஏலத்தில் எடுத்த காரின் எஞ்சினாம். அதன் சத்தம் அச்சாகத் தன் கார் சத்தம் மாதிரியே இருக்கும், தூரத்தில் கேட்டாலே வீடு வந்துவிட்டது என்று தெரியும் என்றார். ஆனால் அதைப் போய்க் கேட்கத் தனக்கு மனசு வரவில்லை என்றும் சொன்னார். வைத்தியம் பார்க்கிறவள் நோயாளி வீட்டில் கேட்டால் அவர்களால் எப்படி மாட்டேன் என்று சொல்ல முடியும்?

அம்மா கேட்கவேண்டாம், நான் கேட்கிறேன் என்று கிளம்பினேன். கரீம் பாய் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டே சொன்னார்: "அரே மேஸ்திரி, ஓடுற எஞ்சினை யாராவது கழட்டிக் கொடுப்பாங்களா? அடி வாங்கினா ரெண்டு பேருமா வாங்கலாம், வாங்க."

திண்டாட்டம் யாருக்கு

முனியப்பா தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுகிற ஆள். தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் போடுகிற குடும்பம். மரியாதையாக உட்காரவைத்து, வந்த காரியத்தைக் கேட்டதும், "ஆகல்ல சாமி, முடியாது" என்று எழுந்துவிட்டார். அவர்மேல் குற்றமே சொல்லமாட்டேன். கொடியெல்லாம் பிஞ்சு பிடித்திருந்தது. அந்தச் சமயம் தண்ணீர் நின்றால் ஒரு வருஷத்துப் பாடும் போச்சு. "எஞ்சினைக் குடுத்துட்டு, கொடிக்கு என் கண்ணீரையா பாய்ச்சுறது?" என்றார்.

நானும் விடவில்லை. முன்னால் வைத்திருந்த கபிலைக்கு மாடு இன்னும் இருக்கிறதே, அதைக் கட்டி இறைக்கலாமே என்றேன். கபிலை தெரியாதவர்களுக்கு: பெரிய தோல் பையைக் கிணற்றில் விட்டு, மாடுகள் சரிவில் முன்னும் பின்னும் நடந்து இறைக்கிற ஏற்பாடு. அதில் பாதித் தோட்டம்தான் நனையும் என்றார் அவர். பாதியாவது நனையுமே என்றேன் நான். என் பிடிவாதம் எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பேச்சு முற்றிக் கரீம் பாய் என் சட்டையைப் பிடித்து இழுக்கும்போது, உள்ளேயிருந்து ஜெயம்மா வீங்கின காலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"அப்பா, கொடி அடுத்த வருஷமும் காய்க்கும். எனக்கு இந்தத் தடவையும் ஏதாவது ஆச்சுன்னா நான் தாங்கமாட்டேன்" என்றாள்.

வெள்ளி, சனி, ஞாயிறு

முனியப்பா சம்மதித்தார். ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஒரு சாமான் வெளியே போகக்கூடாது, லட்சுமி கூடவே போய்விடுவாள் என்றார். கரீம் பாய்க்கும் தொழுகை இருந்தது, சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார். சனிக்கிழமை விடிந்ததும் வண்டி பிடிக்கலாம் என்று நான் வீட்டில் சொன்னால், என் வீட்டுக்காரி கொட்டகை வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். சனிக்கிழமையில் இரும்பு உள்ளே வரக்கூடாதாம். இரும்பு வராமல் நான் எப்படி மெக்கானிக் தொழில் பார்ப்பது என்று கேட்டேன். மற்ற சனிக்கிழமையெல்லாம் நீங்கள் சொல்லாமல் கொண்டுவந்தீர்கள், இன்றைக்குச் சொல்லிவிட்டீர்களே என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முனியப்பா எஞ்சினுக்குக் கற்பூரம் காட்டி, மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி வண்டியில் ஏற்றி, "இதுல எதையும் மாத்திடாதீங்க சாமி, இருக்கிறபடியே வையுங்க" என்று சொல்லி அனுப்பினார். கொட்டகையில் இறக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டார், செய்யவும் விடமாட்டார். அம்மா கோயில் முடிந்து, வெள்ளைப் புடவையும் கையில் வேதமுமாக நேரே வந்து நின்றார். நான் ஸ்பானரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அம்மா எஞ்சினைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க போல்ட்டை முடுக்குங்க."

ஒரே வேகம்

கிணற்று எஞ்சினில் கியர் பாக்ஸும் கிடையாது, கிளட்சும் கிடையாது. பெல்ட் ஓடுகிற உருளைதான் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, செத்த எஞ்சினின் ஃப்ளைவீலையும் கிளட்சையும் இதில் ஏற்றினோம். எஞ்சினைத் தாங்குகிற முன் கால் காரின் சட்டத்தில் உட்காரவில்லை. கொல்லனிடம் புதுக் கால் அடித்து வாங்கி, அது இடித்து, அரத்தால் ராவி, மறுபடி இடித்து, மறுபடி ராவினோம். என் கையில் தோல் உரிந்தது. விடுகிறதாக இல்லை.

ஒருவழியாகக் கிளப்பியாயிற்று. சத்தம் ஜம்மென்று இருந்தது. டாக்டரம்மா ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்வரக் கிளம்பினார். மேட்டில் ஏறும்போதும் அதே வேகம், சரிவில் இறங்கும்போதும் அதே வேகம். ஒரு எருமைக் கூட்டத்துக்கு நடுவிலும் கிட்டத்தட்ட அதே வேகம். என்ன சங்கதி என்று பார்த்தால், தண்ணீர் ஒரே சீராக விழுவதற்காக முனியப்பா மாட்டி வைத்திருந்த, வேகத்தைக் கட்டிவைக்கிற கவர்னரையும் ஸ்பிரிங்கையும், "எதையும் மாத்தாதீங்க" என்று அவர் சொன்ன ஒரே காரணத்துக்காக, கரீம் பாய் துடைத்து எண்ணெய் போட்டுப் பத்திரமாக அப்படியே வைத்திருக்கிறார். காலால் எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் சட்டை செய்யவில்லை. ஒருவழியாக பிரேக்கை அமுக்கி நிறுத்திவிட்டு அம்மா இறங்கினார்.

"கார் நல்லா ஓடுது மேஸ்திரி. ஆனா நான் ஓட்டலை."

மாட்டுக்கு லீவு

கவர்னரைக் கழற்றினோம். எஞ்சினின் புகை வெளியேறுகிற சூட்டுக்குழாயைச் சுற்றி முனியப்பா கட்டியிருந்த தகரத்தையும் கழற்றப் போனேன். அது யாரையும் கடிக்கவில்லையே, இருக்கட்டும் என்றார் கரீம் பாய். கவர்னர் விஷயத்தில் அவர் முகம் வாடியிருந்ததால் நானும் போனால் போகிறதென்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் டாக்டரம்மாவோடு நானும் தோட்டத்துக்குப் போனேன், எஞ்சின் எப்படி இழுக்கிறது என்று பார்க்க. முனியப்பா கபிலை ஓட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் ஆள் கறுத்து, பாதியாகியிருந்தார். எங்கள் சத்தம் கேட்டதும் மாடுகள் இரண்டும் சரிவின் நடுவிலேயே நின்றுவிட்டன. அவர் அதட்டினார், வாலைத் திருகினார். ஒரு அடி அசையவில்லை. இத்தனை வருஷமாக அந்த எஞ்சின் ஓடினால் மாட்டுக்கு வேலை இல்லை என்று அர்த்தம். அது மாட்டுக்கு மறக்குமா? அம்மா எஞ்சினை நிறுத்திய பிறகுதான் நடந்தன. கபிலைத் தண்ணீர் எட்டாத பக்கத்துக் கொடிகள் சுருங்கிக் கிடந்தன.

"டாக்டரம்மா வந்தா எங்க மாட்டுக்கு லீவு, சாமி" என்றார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

தகரத்தின் புண்ணியம்

நாள் நெருங்கிய சமயம், ஒரு காலையில் நானும் கரீம் பாயும் டாக்டரம்மா வீட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, முனியப்பாவின் மருமகன் சைக்கிளில் வந்து குதித்தான். ஜெயம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெட்ரோல் இல்லை. மாச ரேஷன் கூப்பன் தீர்ந்து, டாங்கின் அடியில் ஏதோ கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. பங்க்குக்கு ஓடினேன், பங்க்குக்காரர் கும்பிட்டார், கூப்பன் இல்லாமல் கொடுத்தால் கம்பி எண்ணவேண்டும் என்றார். அம்மா முகத்தில் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன்.

கரீம் பாய் பானெட்டைத் திறந்து அந்தத் தகரத்தை விரலால் தட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முனியப்பா கிணற்றில் இந்த எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறினதும் மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார். அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கத்தான் தகரம். அம்மா வீட்டில் அடுப்புக்கும் விளக்குக்கும் இருந்த மண்ணெண்ணெயை எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். இருந்த பெட்ரோலில் கிளப்பி, கை வைக்க முடியாத சூடு வந்ததும் டாங்கில் ஊற்றினோம். எஞ்சின் இருமியது, பின்னால் கறுப்பாகக் கக்கியது, பிறகு பழகின பழைய உணவு கிடைத்த மாதிரி நிதானமாக இழுத்தது. ஹெப்பாள் மேட்டில் கொதிக்க ஆரம்பித்தபோது ஒரு நல்லவர் குடத்தோடு ஓடி வந்தார். கிட்டே வந்தால் மரியாதை கெட்டுவிடும் என்று கத்தினேன். பாவம், குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்.

போய்ச் சேர்ந்தோம். அம்மா உள்ளே போனார். நானும் முனியப்பாவும் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். உள்ளே அம்மாவின் அதட்டல் கேட்டது, பிறகு எதுவும் கேட்கவில்லை. அப்புறம் குழந்தை அழுதது, நல்ல கனமான குரல். பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம் என்று அம்மா வாசலில் வந்து சொன்னார். முனியப்பா சூடான பானெட்மேல் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. பாதித் தோட்டம் அவர் கண்ணெதிரே காய்ந்து நின்றது.

"போனது போவட்டும் சாமி. மீதிப் பாதிக்குத் தண்ணி கட்ட இவ வந்துட்டா" என்றார்.

சண்டை ஓய்ந்து சீமையிலிருந்து புத்தம்புது எஞ்சின் வந்தபோது அதை நாங்கள் மாட்டியது திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில்தான், ஏனென்றால் ஜெயம்மா மறுபடியும் முழுகாமல் இருந்தாள், காரிலிருந்து பழையதைக் கழற்ற முனியப்பா எங்களை விடவே இல்லை.