கரட்டு உச்சியில் பூக் கேட்டார்கள்

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை கண்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு நாமக்கல்லில் கரியில் ஓடும் பஸ் ஏறினேன். பெட்ரோலைத்தான் யுத்தம் குடித்துவிட்டதே! எருமப்பட்டிக்குப் பத்து மைல், மூன்றணா. மனைவி காலமானபின் லீவு நாள் என்றாலே எனக்கு எரிச்சல். சுவரை எத்தனை நேரம்தான் பார்ப்பது?

"யாரு ஊட்டுக்குங்க?" என்றார் கண்டக்டர்.

"யார் வீட்டுக்கும் இல்லை. கரடு ஏறப் போகிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

ஊருக்கு வெளியே ஒரு மைலில் அந்தக் கரடு. மலை என்று சொன்னால் பக்கத்திலிருக்கும் கொல்லிமலை சிரிக்கும். சோளக்காடு முடிந்ததும் பாறை, அரைமணி ஏற்றம். பேச்சுத் துணைக்கு என் செருப்புச் சத்தம்தான்.

உச்சியில் சிறிய முருகன் கோயில். பூசாரியும், ஒரு குடியானவரும், கைக்குழந்தையோடு அவர் மகளும் பூக் கேட்க நின்றார்கள். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியே இலையில் மடித்துச் சாமி முன் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு.

"ஏனுங்க, அசலூருக் கையி எடுத்தா வஞ்சனை இருக்காதுங்க. நீங்களே எடுங்க," என்றார் குடியானவர். மூத்த மகள் பிரசவத்தில் இறந்துவிட்டாளாம். மருமகனுக்கு இளையவளைக் கொடுக்கலாமா என்பது கேள்வி. குழந்தையோடு நின்ற இளையவள் தலை நிமிரவில்லை. ஐயோ பாவம், அக்காள் புருஷனுக்கா என்று நினைத்தேன். எடுத்தேன். சிவப்பு. தப்பித்தாள் என்று உள்ளுக்குள் துள்ளினேன்.

அவளோ குழந்தையை இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள். "மாமா வேற பொண்ணு கட்டுனா, அக்கா புள்ளையக் கூட்டீட்டுப் போயிருவாருங்கப்பா. நான் எப்படி உடுவேன்?"

அடச்சே, நான் நினைத்தது என்ன!

"சாமி சொல்லிப்போட்டுது கண்ணு. மறுக்காக் கேக்கப்படாது," என்ற தகப்பன் குரலும் உடைந்தது.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "நான் வேதக்காரனுங்க, மாதா கோயிலுக்குப் போறவன். நான் எடுத்தது செல்லுமா?"

பூசாரி யோசித்தார். "அப்ப இது சேராதுங்க. மறுக்காக் கேக்கலாம். ஆனா நீங்க கீழ போயிருங்க."

கோபம் வரவில்லை. இறங்கினேன். பாதி வழியில் மேலிருந்து ஒரு கூச்சல். குடியானவர் பாறை விளிம்புக்கே வந்து நின்று கத்தினார்.

"வெள்ளைங்கோ! வெள்ளை வந்திருச்சுங்கோ!"

யாரோ ஒருவனான எனக்குச் சொல்ல ஓடி வந்திருக்கிறார்! சந்தோஷத்தில் இரண்டு கையையும் ஆட்டினேன்.

மாலையில் வீட்டுப் பூட்டைத் திறந்ததும், "வெள்ளை வந்துவிட்டது!" என்று உரக்கவே சொன்னேன். அப்படியா என்று கேட்க ஆளில்லை.