ஒரு விரல் தளர்வு

எங்கள் தெருத் தையல்கார அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். துப்பாக்கிச் சண்டை தெருமுனைவரை வந்து, எல்லோரும் கட்டின துணியோடு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தபோதும், "மெஷினத் தூக்க ஒரு ஆம்பளைக்கும் துப்பில்ல" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் வந்தாள். சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது. மருத்துவ முகாம் போட வந்த நர்ஸம்மாவிடம் போய், வேலை கொடுத்தால்தான் நகர்வேன் என்று நின்றாள்.

நர்ஸம்மா, குழந்தைகளின் மேல்கையை அளக்கும் நாடாவைக் கொடுத்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அதில் மூன்று நிறம். பச்சை என்றால் பயமில்லை. சிவப்பு என்றால் பட்டினியால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து, உடனே பொட்டலத்தில் வரும் வேர்க்கடலைச் சத்துப்பசை கொடுத்தாக வேண்டும். பிடிக்கும் விதத்தைக் காட்ட வந்தவரை அக்கா முடிக்க விடவில்லை. "நாடா புடிக்க எனக்கா சொல்லித் தர்றீங்க?" என்றாள். வரிசை வாசலைத் தாண்டி நின்றதால், நர்ஸம்மாவும் காய்ச்சல்காரர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

காலை முழுக்க அக்கா மளமளவென்று அளந்து தள்ளினாள். பக்கத்து மேசையில் உப்புச்சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்த எனக்கே பெருமை பிடிபடவில்லை. உச்சிவெயில் நேரத்தில் நர்ஸம்மா வந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"எதுக்கு விரல உள்ள விட்டு அளக்குறீங்க?"

"பின்ன? இறுக்கி அளந்தா சட்டைக் கை புடிச்சுக்காதா?"

"அக்கா, நாம சட்டை தைக்கலையே!"

அதே பிள்ளையை விரல் விடாமல் அளந்து காட்டினார். பச்சை போய்ச் சிவப்பு வந்தது.

அக்காவின் கண் கலங்குவதைக் கண்டதும் நர்ஸம்மா நாடாவை அவள் கையிலேயே திணித்தார். "அழுகையெல்லாம் அப்புறம். காலைல வந்த அத்தன பேரையும் திரும்பக் கூப்பிடுங்க."

அக்கா வகுப்பு வகுப்பாகப் புகுந்து கூப்பிட்டாள். ஒருத்தியைத் தவிர எல்லோரும் வந்தார்கள். "நல்லாப் பாருங்கக்கா, தூங்கிக்கிட்டே இருக்கான்" என்று மகனைத் துண்டில் சுற்றிக்கொண்டு காலையில் கெஞ்சியவள் அவள். "நல்லாத்தான் இருக்கான், போ" என்று அக்கா அவளை விரட்டியதும் என் காதுபடத்தான். பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்று அந்தக் குடும்பத்தை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்களாம்.

சத்துப்பசைப் பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா கிளம்பினாள். நானும் பின்னால் ஓடினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. "கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்க்கா" என்றேன்.

"உக்காந்தா நான் எந்திரிக்க மாட்டேன், வாடி."

கிடங்கில் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் பிள்ளையை இழுத்து மறைத்துக்கொண்டாள்.

"இப்ப எதுக்கு வந்த? நல்லா இருக்கான்னு நீதான சொன்ன?"

"தப்பா அளந்துட்டேம்மா. என் தப்புதான்."

"இனிமே உன் கைய எப்படி நம்புறது?"

"நம்ப வேணாம். நீயே அளந்து பாரு."

நாடாவைத் தாயிடம் நீட்டிவிட்டு அக்கா விலகி நின்றாள். "தோலோட ஒட்டட்டும், அமுக்காத" என்று வாயால் மட்டும் சொன்னாள். நாடா சிவப்பில் நின்றது. தாய் எங்களை அறையப் போகிறாள் என்றே நினைத்தேன், அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்போம். அவளோ துண்டை விலக்கி, பிள்ளையின் முகத்தை எங்கள் பக்கம் திருப்பினாள்.

அக்கா கையைக் கழுவிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்துத் துளிப் பசையைப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். விழுங்கினால் இங்கேயே வைத்துத் தேற்றிவிடலாம். விழுங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருந்தார். பசை கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் வழிந்தது. "விட மாட்டேன்டா" என்று மூன்றாம் முறையும் வைத்தாள். நாக்கு மெல்ல வெளியே வந்து நக்கியது. தொண்டை அசைந்தது. பிள்ளை கண்ணைத் திறந்து, இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தான். எனக்குத்தான் அழுகை வந்தது.

தாய் சுற்றிலும் பார்த்தாள். கிடங்கு நிறையக் குழந்தைகள். மகனைத் தூக்கி அக்காவின் மடியில் கிடத்தினாள்.

"நீ இவனுக்கு ஊட்டு. மத்த புள்ளைங்கள நான் அளக்குறேன்" என்று நாடாவோடு எழுந்தாள்.